பழைய கல் நகைக்கு நேர்மையான மதிப்பீடு: ஒரே மோதிரத்துக்கு ஏன் மூன்று தொகைகள்?

கல் பதித்த பழைய மோதிரம் ஒன்றை மூன்று பேரிடம் காட்டினால் பெரும்பாலும் மூன்று தொகைகள் வரும். அவை ஒன்றுக்கொன்று சற்றே வேறுபட்டிருந்தால் யாரும் பொருட்படுத்துவதில்லை. ஒன்று மற்றொன்றைப் போல் இரண்டு மூன்று மடங்காக இருக்கும்போதுதான், இவர்களில் ஒருவராவது ஏமாற்றுகிறார் என்ற எண்ணம் வருகிறது. அப்படி ஏமாற்றுகிறவர்களும் உண்டு. ஆனால் மூவரும் நேர்மையாகவே பேசியிருக்கவும் கூடும். ஒருவர் புதிதாக வாங்கினால் ஆகும் செலவைச் சொல்லியிருப்பார், இன்னொருவர் இன்றே தாம் வாங்கிக்கொள்ளும் தொகையைச் சொல்லியிருப்பார், மூன்றாமவர் கல் இன்னதென்று உறுதி செய்யாமல் கண்ணளவில் ஒரு தொகையைச் சொல்லியிருப்பார். நாம் கேட்டது ஒரே கேள்வி என்று நினைத்திருக்கிறோம். அவர்கள் மூன்று வெவ்வேறு கேள்விகளுக்கு விடை சொல்லியிருக்கிறார்கள். இந்தக் குழப்பத்தை முதலில் பிரித்துக்கொண்டால், நேர்மையற்ற மதிப்பீடு எது என்று கண்டுகொள்வதும் எளிதாகிவிடும்.

ஒரு சொல்லுக்குள் மூன்று வேலைகள்

பழைய கார் ஒன்றை விலை மதிப்பதாக வைத்துக்கொள்வோம். அது எந்த நிறுவனத்தின் எந்த மாதிரி, எந்த ஆண்டில் வந்தது என்பது முதல் கேள்வி. எந்த நிலையில் இருக்கிறது என்பது இரண்டாவது. இவற்றுக்குப் பிறகுதான் விலை. காரின் முதல் கேள்விக்கான விடை அதன் மீதே எழுதியிருப்பதால் அதை ஒரு கேள்வியாகவே நாம் எண்ணுவதில்லை. கல் நகையிலோ அந்த முதல் கேள்விதான் மற்ற இரண்டையும் விடக் கடினமானது. அதைத் தாண்டிக் குதித்துவிட்டு நேராக விலைக்குப் போவதால்தான் பெரும்பாலான மனக்கசப்புகள் நேர்கின்றன.

இந்த மூன்றுக்கும் தனித்தனிப் பெயர் வைத்துக்கொள்ளலாம். கல் இன்னதென்று உறுதி செய்வது இனங்காணல். அதன் நிறம், தெளிவு, வெட்டு, எடை ஆகியவற்றை அளவிட்டுச் சொல்வது தரப்படுத்தல். இவ்விரண்டையும் வைத்து ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்காகத் தொகை சொல்வது விலைமதிப்பீடு.

ஆய்வகங்கள் தரும் தாளைப் பலர் விலைச் சான்றிதழாகவே கருதுகிறார்கள். 1931இல் தொடங்கப்பட்ட அமெரிக்க ரத்தினவியல் நிறுவனமான ஜி.ஐ.ஏ. உள்ளிட்ட பெரிய ஆய்வகங்களின் அறிக்கைகளில் விலை என்று ஒரு வரிகூட இருக்காது. அவை முதல் இரண்டு வேலைகளோடு நின்றுவிடுகின்றன. "சான்றிதழ் இருக்கிறது, ஆகவே இத்தனை பெறும்" என்று ஒருவர் சொன்னால், அந்த "ஆகவே" ஆய்வகம் சொன்னதன்று; அவராகச் சேர்த்துக்கொண்டது.

முதல் கேள்வி: இது என்ன கல்?

சிவப்பாக இருப்பதெல்லாம் மாணிக்கம், நீலமாக இருப்பதெல்லாம் நீலக்கல் என்ற பழக்கம் மிகப் பழையது. பிரிட்டிஷ் அரசுமுடியின் முன்புறத்தில் பதித்திருக்கும் பெரிய சிவப்புக் கல்லுக்குப் பெயரே "கறுப்பு இளவரசரின் மாணிக்கம்". ஆனால் அது மாணிக்கம் அன்று. ஸ்பினெல் என்ற வேறொரு கனிமம். அரசவைக் கருவூலத்திலேயே இப்படியென்றால், நம் பெட்டியில் கிடக்கும் மோதிரத்தைப் பற்றி வழிவழியாகச் சொல்லிவந்த பெயரை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான வியப்பும் உண்டு. மாணிக்கமும் நீலக்கல்லும் ஒரே கனிமம்தான்: அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த குருந்தம். ஆங்கிலத்தில் வழங்கும் கொரண்டம் என்ற பெயரே இந்தத் தமிழ்ச் சொல்லிலிருந்து போனதுதான். அந்தக் கனிமத்தில் சிறிதளவு குரோமியம் கலந்தால் மாணிக்கம். இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலக்கல். ஆக, நிறத்தை மட்டும் வைத்துக் கல்லின் இனத்தைச் சொல்ல முடியாது.

பிறகு எதை வைத்துச் சொல்வது? தார்ச்சாலையில் ஓடிவரும் வண்டியின் ஒரு பக்கச் சக்கரம் மணலில் இறங்கினால், அந்தப் பக்கம் வேகம் குறைந்து வண்டி திரும்பிவிடும். காற்றிலிருந்து கல்லுக்குள் நுழையும் ஒளிக்கும் அதுவே நேர்கிறது. வேகம் குறைந்து வளைகிறது. எவ்வளவு வளைகிறது என்பதைக் குறிக்கும் எண்ணுக்கு ஒளிவிலகல் எண் என்று பெயர். இது ஒவ்வொரு கனிமத்துக்கும் ஏறத்தாழ மாறாதது. குருந்தம் ஒளியை இரண்டாகப் பிரித்து 1.762, 1.770 என்பதை ஒட்டி இரண்டு எண்களைக் காட்டும். ஸ்பினெல் 1.718 என்பதை ஒட்டி ஒரே எண்ணைக் காட்டும். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் இரண்டு சிவப்புக் கற்கள், கைக்கு அடக்கமான ஒரு கருவியின் மீது வைத்த சில நொடிகளில் வேறு வேறு என்று தெரிந்துவிடுகின்றன. கல்லின் தட்டையான மேல்முகம் கருவியில் படும்படி இருந்தால் நகையிலிருந்து அதைக் கழற்றவும் தேவையில்லை. இவ்வளவு எளிய வழி இருக்கும்போது, கல்லைக் கீறிப் பார்த்துச் சோதிக்கிறேன் என்று சொல்பவரிடம் நகையைக் கொடுக்கக் கூடாது.

வைரத்துக்குப் பேனா வடிவில் ஒரு சோதனைக் கருவி புழக்கத்தில் இருக்கிறது. கல்லில் தொட்டால் ஒலி எழும்; உடனே "அசல் வைரம்" என்று முடிவாகிவிடும். அந்தக் கருவி அளப்பது வெப்பம் கடத்தப்படும் வேகத்தை மட்டுமே. கொதிநீரில் இட்ட உலோகக் கரண்டியின் காம்பு சட்டென்று சுடுவதும் மரக் கரண்டியின் காம்பு சுடாததும் போல, வைரம் வெப்பத்தை மிக விரைவாகக் கடத்தும், கண்ணாடி கடத்தாது. ஆனால் வைரம் போலத் தோன்றும் மோய்சனைட் என்ற வேறொரு கல்லும் வெப்பத்தை நன்றாகவே கடத்துவதால், வெப்பத்தை மட்டும் அளக்கும் கருவி அதையும் வைரம் என்றே சொல்லிவிடும். ஆய்வகத்தில் வளர்த்த வைரத்துக்கும் அதே ஒலிதான், ஏனென்றால் அது வைரமேதான்.

பழையது என்பதால் இயற்கையானது ஆகிவிடுமா?

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்தறிய வேண்டும். தோற்றத்தில் மட்டும் ஒத்து, பொருளால் வேறுபட்டிருப்பது போலி. சிவப்புக் கண்ணாடி மாணிக்கமாக நடிப்பது இதற்கு எடுத்துக்காட்டு. பொருளாலும் அதேயாக இருந்து, நிலத்துக்கடியில் விளையாமல் மனிதரால் உருவாக்கப்பட்டது செயற்கைக் கல். ஏரியில் உறைந்த பனிக்கட்டியும் குளிர்பெட்டியில் உறைந்த பனிக்கட்டியும் பொருளால் ஒன்றே, பிறந்த இடம்தான் வேறு. ஒளிவிலகல் எண்ணால் போலியைப் பிடித்துவிடலாம். செயற்கைக் கல்லை அந்த எண்ணால் பிடிக்க முடியாது.

"இது பாட்டி காலத்து மோதிரம், அப்போதெல்லாம் செயற்கைக் கல் ஏது?" என்பது மிகப் பரவலான வாதம். பிரான்சின் வேதியியலாளர் ஒகுஸ்த் வெர்நாய், சுடரில் உருக்கி மாணிக்கம் செய்யும் முறையை அறிவித்த ஆண்டு 1902. அதற்குப் பிறகு சில ஆண்டுகளிலேயே அந்தக் கற்கள் ஏராளமாகச் சந்தைக்கு வந்துவிட்டன. ஆகவே நூறு வயதான மோதிரத்தில் நூறு வயதான செயற்கை மாணிக்கம் இருப்பதில் வியப்பில்லை. தங்கம் அசல், வேலைப்பாடு அசல், யாரும் யாரையும் ஏமாற்றாமலே கூட அது நேர்ந்திருக்கலாம்.

அப்படி ஒரு மோதிரத்தை நுண்ணோக்கியின் கீழ் பார்க்கும் வாய்ப்பு எனக்கு ஒருமுறை கிடைத்தது. வெறும் கண்ணுக்கு அது அப்பழுக்கற்ற செந்நிறம், நீரோட்டமும் அருமை. மதிப்பீட்டாளர் மோதிரத்தை மெதுவாகச் சாய்த்துக்கொண்டே வந்தபோது, ஒரு கோணத்தில் கல்லின் உட்புறமெங்கும் மெல்லிய வளைகோடுகள் தெரிந்தன. பழைய இசைத்தட்டின் வரிகளைப் போல ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே சீராக. அவற்றுக்கிடையே ஊசிமுனை அளவில் இரண்டு காற்றுக் குமிழிகள். "எவ்வளவு பெறும்?" என்று கேட்க வந்த உரிமையாளர் அதன்பின் வெகுநேரம் பேசவில்லை. அந்த வளைவுக்குக் காரணம் செய்முறைதான். சுடரின் ஊடே விழும் தூள் உருகி, குவிந்த மேடு ஒன்றின் மீது படலம் படலமாகப் படிகிறது. மேட்டின் வளைவே ஒவ்வொரு படலத்தின் வளைவாகவும் நிலைத்துவிடுகிறது. இயற்கையில் படிகம் தட்டையான முகங்களோடு வளர்வதால் அதன் வளர்ச்சிக் கோடுகள் நேராகவும் ஒன்றோடொன்று கோணமிட்டும் அமையும். இயற்கைக் குருந்தத்தில் பட்டிழை போன்ற நுண்ணூசிகளும் அடிக்கடி காணப்படும். இப்படிக் கல்லுக்குள் சிக்கியிருக்கும் ஊசி, குமிழி, படிகத் துணுக்கு ஆகியவற்றை உட்பொருள்கள் என்பார்கள். குறை என்று நாம் நினைப்பதே பல வேளைகளில் கல்லின் பிறப்புச் சான்றாகிவிடுகிறது.

சுருக்கமாகச் சொன்னால்: நிறம் இனத்தைச் சொல்லாது; ஒளிவிலகல் எண் இனத்தைச் சொல்லும், பிறப்பைச் சொல்லாது; பிறப்பை உட்பொருள்களும் வளர்ச்சிக் கோடுகளும் சொல்லும்; நகையின் வயது இவற்றில் எதையும் சொல்லாது.

இயற்கைக் கல்லுக்குச் செய்யப்பட்டவை

கல் இயற்கையானது என்று தெரிந்த பிறகும் இன்னொரு கேள்வி எஞ்சியிருக்கிறது: அதற்கு என்ன செய்திருக்கிறார்கள்? நிறத்தையும் தெளிவையும் கூட்டுவதற்காகக் கல்லுக்குச் செய்யும் எல்லாவற்றையும் சேர்த்துப் பதப்படுத்தல் என்று குறிப்பிடலாம். இதில் எல்லாமே ஒரே தட்டில் வைக்கத்தக்கவை அல்ல.

மண்பானையைச் சூளையில் சுடுவது போல, மாணிக்கத்தையும் நீலக்கல்லையும் உயர்வெப்பத்தில் சுட்டு நிறத்தை மேம்படுத்துவது நெடுங்காலமாக நடப்பது. அந்த மாற்றம் நிலையானது. தொழிலில் பரவலாக ஏற்கப்பட்டதும்கூட. சுடாத கல்லுக்குக் கூடுதல் விலை உண்டு என்பதால் அதைக் குறிப்பிட்டாக வேண்டும், அவ்வளவே. விரிசல் விட்ட சுவரில் பட்டி பூசி வண்ணம் அடிப்பது வேறு வகை. தரம் குறைந்த மாணிக்கத்தின் விரிசல்களுக்குள் ஈயம் கலந்த கண்ணாடியை உருக்கி நிரப்புவது 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் பெருகியது. இத்தகைய கல்லின் எடையில் ஒரு பகுதி கண்ணாடியின் எடை. மோதிரத்தை அளவு மாற்றும்போது படும் தீயிலோ, அமிலத்திலோ அந்தக் கண்ணாடி பழுதாகி, கல் ஒரே நாளில் மங்கிவிடும். இதை வெறும் "பதப்படுத்திய மாணிக்கம்" என்று எழுதிவிட்டு நிறுத்துவது, பொய் சொல்லாமலே ஏமாற்றும் கலை.

மரகதம் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. இயல்பிலேயே விரிசல் மிகுந்த கல் ஆதலால் அதற்கு எண்ணெய் ஊட்டுவது காலங்காலமான வழக்கம். எவ்வளவு ஊட்டியிருக்கிறது என்பதே விலையைத் தீர்மானிக்கும். நல்ல அறிக்கை அந்த அளவையும் குறிப்பிடும். பழைய நகையில் எண்ணெய் உலர்ந்துபோய்க் கல் வெளிறித் தோன்றலாம். மதிப்பிடுவதற்கு முன் "சுத்தம் செய்து தருகிறோம்" என்று அதிர்வலைத் தொட்டியில் (அல்ட்ராசோனிக்) போட்டால் எஞ்சிய எண்ணெயும் போய்விடும். மரகதம் பதித்த நகையை அந்தத் தொட்டியில் போட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

நகைக்குள் இருக்கும் கல்லை எப்படி எடை போடுவது?

கேரட் என்ற ஒரே சொல்லால் தமிழில் இரண்டு அளவுகளைக் குறிக்கிறோம். தங்கத்தில் அது தூய்மை: 24 பங்கில் எத்தனை பங்கு தங்கம் என்பது. ஆகவே 18 கேரட் தங்கத்தில் 75 விழுக்காடு தங்கம். கல்லில் அது எடை: ஒரு கேரட் என்பது 0.2 கிராம். தங்கத்தின் பகுதியை மதிப்பது இந்தக் கட்டுரையின் பொருளன்று. முத்திரையையும் எடையையும் அன்றைய உலோக விலையையும் வைத்து யாரும் கணக்கிட்டுவிடலாம்.

கல்லின் எடைதான் சிக்கல். பதித்த கல்லைத் தராசில் வைக்க முடியாது. அளவுகளை எடுத்துக் கணக்கிடத்தான் முடியும். வட்டமாக வெட்டிய வைரமானால், விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கி, வரும் விடையை உயரத்தாலும் 0.0061 என்ற எண்ணாலும் பெருக்க வேண்டும். 6.5 மில்லிமீட்டர் விட்டமும் 3.9 மில்லிமீட்டர் உயரமும் உள்ள கல் ஏறத்தாழ ஒரு கேரட் வரும். அந்த 0.0061 என்ற எண் வைரத்தின் அடர்த்தியைக் கணக்கில் கொண்டது. கல் வைரமாக இல்லாமல், வைரம் போலத் தோன்றும் கியூபிக் சிர்கோனியா என்ற போலிக் கல்லாக இருந்தால், அதே அளவுக் கல் ஒன்றரை மடங்குக்கு மேல் கனக்கும். இனங்காணாமல் எடையைக்கூடச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பின்புறம் மூடிய பதிப்பில் இன்னும் தொல்லை. உயரத்தை அளக்க முடியாது. கல்லுக்கு அடியில் பளபளக்கும் தகடு வைத்து நிறத்தைக் கூட்டியிருந்தால் அதுவும் தெரியாது. மஞ்சள் தங்கத்தில் பதித்த வைரத்தின் நிறத்தைத் துல்லியமாகச் சொல்வதும் கடினம். ஜி.ஐ.ஏ. தன் வைரத் தர அறிக்கைகளைப் பதிக்காத தனிக் கற்களுக்கு மட்டும் வழங்குவது இதனால்தான். எனவே, பதித்த நிலையில் பார்த்தவர் "தோராய எடை", "பதிப்பு அனுமதித்த அளவில்" என்று எழுதியிருந்தால் அது மழுப்பல் ஆகாது, நேர்மை. 1.03 கேரட் என்று கழற்றாமலே அடித்துச் சொல்பவரிடம்தான் எச்சரிக்கை வேண்டும்.

அப்படியானால் கழற்றிவிடலாமா? கல்லைப் பிடித்திருக்கும் தேய்ந்த பழைய கொக்கிகள் திறக்கும்போதே ஒடிந்துபோகலாம். கல்லின் மதிப்பு அந்தப் பழுதையும் ஆய்வகக் கட்டணத்தையும் தாண்டும் என்று தோன்றினால் மட்டுமே கழற்றுவது பொருத்தம். சுற்றிலும் பதித்த பொடிக் கற்களுக்காக ஆய்வக அறிக்கை கேட்பதில் பொருளே இல்லை.

கடைசிக் கேள்வி: எந்தச் சந்தையின் விலை?

புத்தகம் ஒன்றை எண்ணிப்பாருங்கள். புதிதாகக் கடையில் அதற்கு ஒரு விலை. படித்து முடித்ததை நண்பருக்கு விற்றால் வேறு விலை. பழைய புத்தகக் கடையில் கொடுத்துக் கையோடு பணம் வாங்கினால் இன்னும் குறைந்த விலை. புத்தகம் மாறவில்லை, சந்தைதான் மாறியது. நகையிலும் இதே மூன்று படிகள் உள்ளன. அதே போன்ற ஒன்றைக் கடையில் மீண்டும் வாங்க ஆகும் தொகை மாற்று மதிப்பு. காப்பீட்டுக்கு இதைத்தான் எழுதுவார்கள். அவசரமோ கட்டாயமோ இல்லாத, விவரம் அறிந்த இருவருக்கிடையே கைமாறும் தொகை சந்தை மதிப்பு. பாகப்பிரிவினைக்கு ஏற்றது இதுவே. உடனடியாகப் பணமாக்கினால் கிடைக்கும் தொகை உடனடி விற்பனை மதிப்பு. மாற்று மதிப்புக்குள் செய்கூலி, கடை வாடகை, வரி, வணிகரின் இலாபம் எல்லாம் அடங்கியிருக்கின்றன. விற்கும்போது அவற்றில் பெரும்பகுதி நம் கைக்குத் திரும்புவதில்லை.

காப்பீட்டு மதிப்பீட்டுத் தாளைக் காட்டி "இவ்வளவு பெறுவதைப் பாதி விலைக்குத் தருகிறேன்" என்று விற்பவர்கள் பயன்படுத்திக்கொள்வது இந்த இடைவெளியைத்தான். அந்தப் பாதி விலை பழைய நகையின் உண்மையான சந்தை விலையாக இருக்கலாம். அதற்கும் மேலாகவே இருக்கலாம். தொகையை வேண்டுமென்றே உயர்த்தி எழுதிய தாள் உரிமையாளருக்கும் நன்மை செய்வதில்லை: ஆண்டுதோறும் கூடுதல் தவணை கட்டுவார், நகை தொலைந்தால் நிறுவனம் தன் செலவில் அதற்கிணையான ஒன்றை வாங்கித் தந்து கணக்கை முடித்துக்கொள்ளக்கூடும்.

இந்தப் பகுதியின் சாரம்: நோக்கமும் தேதியும் இல்லாத தொகைக்குப் பொருளில்லை. இரண்டு மதிப்பீடுகளை ஒப்பிடும் முன், இரண்டும் ஒரே சந்தையைப் பற்றியவைதானா என்று பார்க்க வேண்டும்.

யாரிடம் கேட்பது?

பார்த்துச் சொல்கிறவரே வாங்கவும் ஆயத்தமாக இருந்தால், குறைத்துச் சொல்வதில் அவருக்கு இலாபம். மதிப்பின் விழுக்காடாகக் கட்டணம் வாங்கினால், கூட்டிச் சொல்வதில் இலாபம். ஒருவரின் நற்குணத்தை எடைபோடுவதைவிட இந்த இரண்டு வாய்ப்புகளும் இல்லாதவாறு பார்த்துக்கொள்வது எளிது. அமெரிக்க மதிப்பீட்டுத் தொழிலின் விதித்தொகுப்பான யூ.எஸ்.பி.ஏ.பி., முடிவில் வரும் தொகையைப் பொறுத்து மாறும் கட்டணத்தை வெளிப்படையாகவே தடைசெய்கிறது. மணிக்கணக்கிலோ நகைக்கு இவ்வளவு என்றோ முன்கூட்டியே சொல்லும் கட்டணம்தான் சரி. ரத்தினவியல் படிப்பும் விலைமதிப்பீட்டுப் பயிற்சியும் வேறு வேறு என்பதால், இரண்டும் இருக்கிறதா என்று கேட்பதில் தவறில்லை. "எனக்கு விற்கும் எண்ணம் இல்லை, பிரித்துத் தருவதற்காகத் தெரிந்துகொள்ள வேண்டும்" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது பல வேளைகளில் பேச்சின் போக்கையே மாற்றிவிடும்.

கொடுக்கும்போதும் திரும்ப வாங்கும்போதும்

நகையை விட்டுவிட்டு வரும் நிலை ஏற்பட்டால், பெற்றுக்கொண்டதற்கான சீட்டில் "மாணிக்க மோதிரம்" என்பதற்குப் பதிலாக "சிவப்பு நிறக் கல் பதித்த மோதிரம்" என்று எழுதுவதைக் கண்டு பலர் கோபப்படுகிறார்கள். சோதிக்கும் முன் அப்படி எழுதுவதுதான் முறை. ஆனால் கல்லின் அளவு, நகையின் மொத்த எடை, கண்ணுக்குத் தெரியும் பழுதுகள் ஆகியவை அதே சீட்டில் இருக்க வேண்டும்.

பழைய நகையோடு பழைய ஆய்வக அறிக்கையும் வந்தால், அது இந்தக் கல்லுக்கு உரியதுதானா என்பதே முதற்கேள்வி. அறிக்கையின் எண்ணை ஆய்வகத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். வைரமானால் அதன் மேல்பகுதியும் கீழ்ப்பகுதியும் சேரும் இடைவிளிம்பில் லேசரால் பொறித்த எண் இருக்கிறதா என்று பார்க்கலாம். அளவுகள் மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு வரை பொருந்துகின்றனவா என்றும் நோக்கலாம். தாள் உண்மையாக இருந்து கல் மாற்றப்பட்டிருப்பதும் உண்டு.

ஒப்படைக்கும் முன் பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸை வாங்கி, உங்கள் கல்லை ஒருமுறை நீங்களே பாருங்கள். எந்தக் கொக்கிக்கு அருகில் எந்த வடிவில் ஓர் உட்பொருள் இருக்கிறது என்று மதிப்பீட்டாளரையே காட்டச் சொல்லி, சீட்டின் ஓரத்தில் வரைந்துகொள்ளுங்கள். திரும்ப வாங்கும்போது பணத்தை எண்ணும் முன், அதே லென்ஸில் அதே கொக்கியின் அருகே அந்தப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள்.